பதினொன்றா, பன்னிரண்டா

வேட்டுத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். தங்கச் சுரங்கத்தில் வேட்டு வைக்கிற வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். "ஐயா, வெடிக்காமல் நின்றுபோன வேட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பதில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவனைப் படிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத சங்கதி வேறு. நீங்கள் காத்திருக்கும்போது சுற்றி நிற்கிறவன் சிரிப்பான். முதலாளி திட்டுவார். வண்டிக்காரன் மாட்டை அதட்டுகிற சாக்கில் உங்களை அதட்டுவான். அப்போது என்ன செய்வீர்கள்? அதை எவனும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேட்டு வைத்துப் பிழைத்தவன். மைசூர்ச் சீமையில் தங்கச் சுரங்கத்தில் இங்கிலாந்துக்காரனுக்குக் கீழேயும் இத்தாலிக்காரனுக்குக் கீழேயும் வேலை பார்த்தேன். இலங்கையில் பென்சில் கரி தோண்டுகிற குழியில் ஒரு வருஷம் கிடந்தேன். ஒவ்வொரு ஊரிலும் பாறை வேறு, பாஷை வேறு. அவசரம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் புத்தி வந்தது அந்த ஊர்களில் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மலையை ஒட்டிக் கல் உடைத்தெடுக்கத் தோண்டிய ஒரு சாதாரணக் கல்கிடங்கில்.

அப்போது இந்தப் பக்கம் ரயில் கிடையாது. ரோட்டுக்கும் பாலத்துக்கும் கல் வேண்டும். ராஜபாளையத்துக் காண்டிராக்டர் ஒருவர் அந்தக் கிடங்கை எடுத்திருந்தார். குள்ளமான ஆள், பெரிய குடை. கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். அவரிடம் நான்தான் வேட்டு மேஸ்திரி. எனக்கு இருபத்தாறு வயது. மீசை பெரிது. வாய் அதைவிடப் பெரிது.

என் பெருமையெல்லாம் என் காதில் இருந்தது. எப்படி என்று சொல்கிறேன். காலையில் பாறையில் துளை போட்டுக் கருமருந்து திணித்துத் திரி வைப்போம். திரிகளைக் குட்டையும் நெட்டையுமாக வெட்டுவோம். ஒன்று வெடித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்தது வெடிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தால் எண்ண முடியாது அல்லவா? மத்தியானம் கொம்பு ஊதினால் இருபத்து மூன்று பேரும் கிடங்கை விட்டு மேலே ஏறி, மேட்டுக்குப் பின்னால் பெரிய பாறை மறைவில் குனிந்துகொள்வார்கள். நான் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து, கையில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு எண்ணுவேன். ஒரு சத்தத்துக்கு ஒரு கல் வலது கையிலிருந்து இடது கைக்குப் போகும். கடைசிக் கல் மாறியதும், "முடிஞ்சுது, இறங்கு!" என்பேன். சனம் இறங்கும். என் காது தப்பியதே இல்லை. தப்பியதே இல்லை என்று நானே ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

இனி என் அயோக்கியத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

கிடங்குக்குக் கிழக்கே, மம்சாபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் இருந்தது. மலையிலிருந்து வருகிற ஓடை எங்கள் கிடங்கின் ஓரமாக ஓடி அந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். நாங்கள் உடைந்த தூளையும் மண்ணையும் அள்ளி அந்த ஓடையில்தான் கொட்டினோம். வேறு இடத்துக்குச் சுமந்துபோக யாருக்கும் மனசில்லை. தண்ணீர் கஞ்சி மாதிரி வெள்ளையாகப் போயிற்று. போதாததற்கு எங்கள் வேட்டில் பறக்கிற சில்லுகள் அவர்கள் கூரையிலும் விழும்.

அந்த ஊரில் சுப்பையா என்று உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஒருநாள் ஓட்டைப் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"ஏலே மேஸ்திரி, பர்மாவுல சண்டைக்குப் போயிருக்கேன். அங்க ஒருத்தனும் என் சோத்துப் பானையில சுடல. நீ சுட்டுட்டியே!"

"தெரியாம விழுந்திருக்கும் அண்ணாச்சி."

"தெரிஞ்சு வேற போடுவியா? சரி, அத விடு. ஓடைத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு எங்க ஊர்ல எல்லாவன் வயித்துலயும் ரோடு போட்டாச்சு. இனி வண்டி விடுறதுதான் பாக்கி. கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போடப் போறோம்."

எழுதிப் போட்டால் கிடங்கு நின்றுவிடும் என்று எனக்குப் பயம். காண்டிராக்டரிடம் சொல்லித் தூளை வேறு இடத்தில் கொட்ட ஏற்பாடு செய்திருக்கலாம். துளைகளின் மேல் கட்டைகளும் முள்ளும் அடுக்கிச் சில்லு பறக்காமல் தடுத்திருக்கலாம். இரண்டும் தெரியும் எனக்கு. செய்யவில்லை. சுலபமான வழி ஒன்று தெரிந்தது. அடுத்த வாரம் அந்த ஊரில் அம்மன் கோயில் பொங்கல். கோயிலில் அதிர்வேட்டு போடக் கருமருந்து இல்லாமல் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எழுதுறதெல்லாம் பொறவு பாத்துக்கலாம். அம்மனுக்கு எம்புட்டு மருந்து வேணும்?" என்றேன்.

சுப்பையா ஓட்டைப் பானையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு படி கருமருந்து என் கையால் கிடங்கை விட்டு வெளியே போயிற்று. காண்டிராக்டருக்குத் தெரியாது. சர்க்கார் சீல் போட்ட மருந்து அது. வெளியே தெரிந்தால் எனக்கு வேலை போகும், போலீசும் வரும். "காலையிலயும் சாயங்காலமுந்தான் போடணும், மத்தியானம் போடக் கூடாது" என்று மட்டும் சுப்பையாவிடம் சொன்னேன். எவ்வளவு புத்திசாலி பார்த்தீர்களா நான்.

பொங்கலன்று காலை வேட்டுச் சத்தம் கேட்டது. எட்டோ பத்தோ. எங்கள் ஆட்கள் அந்தத் திசையில் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அன்றைக்கு மூன்று மணிக்குப் பாலம் கட்டுகிற சர்க்கார் ஓவர்சியர் வருவதாக இருந்தது. மழைக்கு முன் பாலம் முடிய வேண்டும், கல் எங்கே என்று கேட்டுக் கடுதாசி மேல் கடுதாசி. காண்டிராக்டர் பத்து வண்டிகளை மேட்டில் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஓவர்சியர் வரும்போது வண்டியில் கல் இருக்க வேண்டும். எனவே வழக்கமாக எட்டுத் துளை போடுகிற இடத்தில் அன்று பன்னிரண்டு போட்டோம்.

கொம்பு ஊதியாயிற்று. சனம் ஏறியாயிற்று. பற்றவைத்துவிட்டு ஓடி வந்து பாறை மறைவில் உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு என்று கல் மாறியது. ஏழாவதுக்குப் பிறகு எட்டாவது வரச் சற்றே நேரமானது. திரி ஈரம் போல என்று நினைத்தேன். உடனே டமார் என்றது. கல்லை மாற்றினேன். கிடங்கின் சுவர்கள் சத்தத்தை வாங்கி வாங்கித் திருப்பி அடிக்கும். எந்தப் பக்கம் வெடித்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பன்னிரண்டாவது கல் இடது கைக்கு வந்தது. எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"முடிஞ்சுது, இறங்கு!"

"பதினொண்ணுதாம்லே!" என்று ஒரு குரல் கத்தியது.

செவிட்டு மாடத்தி. ஜல்லி உடைக்கிற பெண். நாற்பது வயது இருக்கும். முன்பு வேறொரு கிடங்கில் எவனோ ஒரு மடையன் கொம்பு ஊதாமலே திரியைப் பற்றவைத்தானாம். அன்றோடு அவளுக்கு இரண்டு காதும் போயிற்று. அதிலிருந்து அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்திருக்கும்போது அவள் மட்டும் பாறை மேல் கண்ணை நீட்டிக் கிடங்கையே பார்ப்பாள். வேட்டு எப்போது முடியும் என்று அவளுக்கு வேறு எப்படித் தெரியும்? ஒரு வேட்டுக்கு ஒரு புகை. புகையை எண்ணுவாள்.

பத்து விரலையும் காட்டி, பிறகு ஒரு விரலைக் காட்டினாள். நான் பத்தும் இரண்டும் காட்டினேன்.

"போடா! எனக்குக் காதுதான் அவிஞ்சு போச்சு, கண்ணு இருக்கு. பதினொண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரன் ஒருவன், "செவிட்டு அக்கா மேஸ்திரி காதுல குத்தம் சொல்லுது, கலி முத்திப்போச்சு" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். செவிடி சொல்லி நான் கேட்பதா? கையை ஆட்டி, இறங்குங்கள் என்றேன். கூடையும் கடப்பாரையுமாகச் சனம் சரிவுப் பாதையில் கால் வைத்தது.

அப்போது இன்னொரு சத்தம் கேட்டது. டமார்.

"மேஸ்திரி, பாறை பன்னண்டு குட்டி போட்டது பத்தாதுன்னு இன்னொண்ணும் போட்டுருச்சு!" என்றான் அதே வண்டிக்காரன். மறுபடியும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிக் கீழே பார்த்தேன். கிடங்கில் புதுப் புகை இல்லை. அப்படியானால் அந்தச் சத்தம் ஊரிலிருந்து வந்தது. என் வேட்டு மாதிரியே இருந்தது. இருக்காமல் என்ன? என் மருந்து அல்லவா அது! மத்தியானம் போடாதே என்று சொல்லியிருந்தேன். அம்மன் என்ன எனக்குக் கட்டுப்பட்டவளா? இப்போது ஒன்று போட்டிருக்கிறார்கள் என்றால், சற்று முன்பும் ஒன்று போட்டிருக்கலாம். அந்த எட்டாவது, தாமதமாக வந்ததே, அது எங்கே வெடித்தது?

"நில்லு! எல்லாரும் மேல ஏறு!" என்று கத்தினேன்.

காண்டிராக்டர் குடையைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "என்னலே?"

இங்கே கவனியுங்கள் பிள்ளைகளே. இந்த இடத்தில் நான் முதலில் செய்த காரியம் பொய் சொன்னது. "மேல பாறை சரியுது மொதலாளி" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதுகூட அசையவில்லை.

"எங்கலே சரியுது? ஓவர்சியர் வர நேரமாச்சு. ஏய், எல்லாரும் இறங்குங்க!"

சனம் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, இறங்க ஆரம்பித்தது. கூலி கொடுக்கிறவர் அவர். என் பொய்யில் பலம் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இருபத்து மூன்று பேர் திரி உள்ளே புகைந்துகொண்டிருக்கும் பாறையில் கடப்பாரை போடுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இன்றைக்கு நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன். ஏழெட்டுப் பேர் என்னைத் தாண்டிப் போகிறவரைக்கும் யோசித்தேன்.

அதற்குள் மாடத்தி முந்திக்கொண்டாள். இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி, பாதை குறுகுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜல்லிச் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டாள். "பதினொண்ணு! எவனாவது தாண்டினா முட்டியப் பேத்துருவேன்!" அவளைத் தாண்ட ஒருவனுக்கும் துணிவில்லை. அவள் சுத்தியல் குறி தப்பாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு செவிடிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையே என்று ரோஷம் வந்தது. எல்லோர் காதிலும் விழ உரக்கச் சொன்னேன்.

"மொதலாளி, நான் எண்ணினதுல ஒண்ணு கோயில் வேட்டு. நம்ம மருந்துதான் அது. ரெண்டு படி நான்தான் ஊருக்குத் திருட்டுத்தனமாக் குடுத்தேன். ஓடையையும் கூரையையும் பத்தி அவிய எழுதிப் போடக் கூடாதுன்னு குடுத்தேன். அதான் சத்தம் ஒண்ணுபோல இருக்கு. உள்ள ஒரு வேட்டு வெடிக்காம கெடக்கு."

ஒருவனும் சிரிக்கவில்லை. காண்டிராக்டர் முகம் கறுத்தது. "ஏமிரா" என்று தொடங்கிப் பேசிய தெலுங்கை நான் இங்கே எழுத முடியாது. அதில் என் அம்மாவும் வந்தாள். மூச்சு வாங்கிய பிறகு தமிழுக்குத் திரும்பினார்.

"திருட்டுப் பயலே! சரி, நீ வச்ச வேட்டுதான? நீயே தனியாப் போயிப் பாரு. இருந்தா எடுத்துப் போடு. இல்லேன்னா வாய மூடு."

போயிருப்பேன். கால் எழுந்துவிட்டது. திருடன் என்று பட்டம் வாங்கியாயிற்று, கோழை என்றும் வாங்க வேண்டுமா என்று தோன்றியது. இந்த வயதில் சொல்கிறேன், நம் தொழிலில் பாறை கொன்றவனைவிட இந்த ரோஷம் கொன்றவன்தான் அதிகம். திரி உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். அணைந்தும் போயிருக்கலாம். வெளியிலிருந்து தெரியாது. எடுத்த காலைக் கீழே வைத்தேன்.

"நானும் போமாட்டேன் மொதலாளி. இன்னைக்கு ஒருத்தரும் போகக் கூடாது. நாளைக்குக் காலையில தண்ணி ஊத்தித்தான் பாக்கணும்."

"பயந்தாங்கொள்ளி! தள்ளு, நான் போறேன்!" என்று அவரே வேகமாக இறங்கினார். மாடத்தியைச் சுற்றிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தார். அவ்வளவுதான். அவள் அவர் வேட்டியின் கோடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் முன்னே இழுக்கிறார், அவள் பின்னே இழுக்கிறாள்.

"விடுடி!"

"என்ன சொன்னாலும் எனக்குக் கேக்காது!"

"மானம் போகுதுடி!"

"கேக்கல மொதலாளி!"

இருபது பேர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காண்டிராக்டருக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. கிடங்கை விட வேண்டும், அல்லது வேட்டியை விட வேண்டும். கிடங்கை விட்டார்.

மூன்று மணிக்கு ஓவர்சியர் வந்தார். பத்து வண்டியும் காலி. காரணத்தைச் சொன்னதும் கையிலிருந்த கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சுற்றி நடந்தார். நடந்து ஓடைக்கு வந்தார். வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தார். "இது எங்கே போகிறது?" என்று கேட்டார். காண்டிராக்டர் குடையை மடக்கி விரித்தார். கண்மாய்க்கு என்று நான்தான் சொன்னேன். இதையெல்லாம் அள்ளாமல் நாளைக்கு ஒரு கல்லும் உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார்.

ஆக அன்று சாயங்காலம் இருபத்து மூன்று பேரும் ஓடையில் இறங்கி மண் அள்ளினோம். நானும்தான். சத்தம் கேட்டுச் சுப்பையா வந்தார். நெற்றி நிறைய விபூதி.

"என்ன மேஸ்திரி, சேத்துல நிக்க?"

"மத்தியானம் ஏன் அண்ணாச்சி வேட்டுப் போட்டிய? வேண்டாம்னு சொன்னேன்ல?"

"சாமி வந்துருச்சுலே. சாமி உன்னக் கேட்டுக்கிட்டா வரும்? மொதல்ல ஒண்ணு போட்டோம், பொறவு செத்த நேரம் கழிச்சு ஒண்ணு போட்டோம்." நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஓடையைக் கை காட்டினார். "ஏலே, இந்த மண்ண இப்படி மொதல்லயே அள்ளியிருந்தேன்னா, உன் மருந்து எங்களுக்கு எதுக்குலே?"

மிச்சம் இருந்த மருந்தைக் கேட்டு வாங்கி, அவர் கண் முன்னாலேயே ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தேன்.

ராத்திரி கழிந்தது. கிடங்கில் ஒரு சத்தமும் இல்லை. காலையில் ஆட்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். ஒன்றும் இல்லாததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு நான் மட்டும் இறங்கி, துளை துளையாகத் தேடினேன். பதினொன்று வெடித்துப் பிளந்து கிடந்தது. பன்னிரண்டாவது, பக்கத்து வேட்டு புரட்டிப் போட்ட பலகைக் கல்லின் அடியில் முழுசாக இருந்தது. கல் விழுந்து திரியை நசுக்கியிருந்தது. சாண் நீளத்துக்கு மேல் எரிந்து, மருந்துக்கு நாலு விரல் மேலே நின்றிருந்தது. முதல் கடப்பாரை அந்தப் பலகைக் கல்லில்தான் விழுந்திருக்கும். எல்லோரும் முதலில் புரட்டுகிற கல் அது. தண்ணீர் ஊற்றி, மரக்குச்சியால் மருந்தைக் கூழாக்கி எடுத்தேன். தீப்பொறிக்குப் பயந்து இரும்பு தொடவில்லை.

மேலே கொண்டுவந்து காண்டிராக்டர் முன்னால் வைத்தேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"நீ சொன்னது சரி. நீ திருடனுந்தான். போலீசுக்குச் சொல்ல மாட்டேன். இனிமே வேலைக்கு வராத" என்றார்.

அந்தத் தீர்ப்பில் தப்பு இருந்ததாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வெடித்திருந்தால் ஊரெல்லாம் என்னைத் திட்டியிருக்கும். வெடிக்காததால் யாரும் என்னைக் கொண்டாடவில்லை. இப்படித்தான் இருக்கும். உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். கையில் மாலையோடு யாராவது வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையை நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்துங்கள்.

மூட்டையைக் கட்டினேன். ஆனால் போக மனம் வரவில்லை. வேலை போனவன் என்பதால் கிடங்குக்குள் இறங்கக் கூடாது. மேட்டில், வண்டிகள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து அவர்கள் இறங்குவதைப் பார்த்தேன். பகல் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஒவ்வொருவராக ஏறினார்கள்; ஒரு தலைக்கு ஒரு கூழாங்கல் என்று கை மாற்றினேன். சிலர் பேசினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கடைசியாக மாடத்தி வந்தாள். தலை, புருவம் எல்லாம் கல்தூள்.

"ஏலே, இன்னும் போகலியா? வேலைதான் போச்சே, இங்க என்ன பண்ணுத?"

சொன்னால் கேட்காது. பத்து விரலை இரண்டு தடவை காட்டினேன். பிறகு மூன்று விரல்.

கிடங்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் அம்புட்டுத்தான் வருது" என்றாள்.